பதினைந்து மீட்டர் கேபிள்

ஜூலை 9, செவ்வாய்

கேபிள் வந்தது. நீல நிறம். பதினைந்து மீட்டர். அறையிலிருந்து ஹாலுக்கு நேராக அளந்தால் ஆறு போதும். கதவைச் சுற்றி, சுவரோரமாக, யார் காலிலும் இடறாமல் கொண்டுவர வேண்டும் என்பதால் பதினைந்து.

எங்கள் வேலை பார்வையற்ற மாணவர்களுக்குப் புத்தகங்களை ஒலியாக்குவது. ஹெப்சி அறைக்குள் வாசித்துப் பதிவு செய்வாள். நான் ஹாலில் உட்கார்ந்து தப்புகளை வெட்டிச் சுத்தம் செய்வேன். கல்யாணமான இரண்டு வருடமாக அவள் கணினியிலிருந்து என் கணினிக்கு ஃபைல்கள் பென் டிரைவில்தான் வந்தன. ஓர் அத்தியாயம் முடிந்ததும் எழுந்து வந்து அதை என் தோளில் வைத்துவிட்டுப் போவாள். கையில் தர மாட்டாள். விழுந்தால் என் தப்பு.

இனி அவள் எழுந்து வர வேண்டியதில்லை. டாக்டர் ஓய்வு என்றுதானே சொன்னார்.

நடுவில் வேறு பெட்டி இல்லை. ஒரு கணினியிலிருந்து நேராக மற்றதற்கு. இரண்டுக்கும் நாமே முகவரி கொடுக்க வேண்டும். எல்லா எண்ணும் ஒன்றுதான், கடைசி மட்டும் மாறும். என்னுடையதற்கு ஒன்று. அவளுடையதற்கு இரண்டு.

"நான் என்னத்துக்கு ரெண்டு?"

"மாத்திரவா?"

"வேண்டாம். சும்மா கேட்டேன்."

முன்பு என்றால் அந்த ஒன்றுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பாள்.

ஒரு ஃபோல்டரை மட்டும் பகிர்ந்தால் போதும். பொறுமை இல்லை. டி டிரைவ் முழுவதையும் பகிர்ந்துவிட்டேன். பார்க்க, எழுத, அழிக்க, எல்லா அனுமதியும். ஒளிக்க என்ன இருக்கிறது.

ஜூலை 10, புதன்

நன்றாக வேலை செய்கிறது. அங்கே சேமித்தால் இங்கே திரையில் வந்து நிற்கிறது. வந்த சத்தமே இல்லை.

புவியியல், நான்காம் அத்தியாயம், தமிழ்நாட்டின் ஆறுகள். தப்பாக வாசித்துவிட்டால் ஹெப்சி ஒரு முறை கைதட்டிவிட்டு அந்த வரியை மறுபடி தொடங்குவாள். ஒலியின் கோட்டில் கைதட்டல் பனைமரம்போல உயர்ந்து நிற்கும். மரத்தைக் கண்ட இடத்தில் வெட்டுவேன். நாங்களே கண்டுபிடித்த முறை.

இன்று நாற்பது நிமிடத்தில் ஒரு மரம்கூட இல்லை. தப்பே இல்லாமல் வாசிக்கிறாள். கேட்க நன்றாக இல்லை.

சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டுவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

மே மாதம். ஏழாம் மாதத்தின் கடைசியில் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் துடிப்பு நின்றது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். ஹெப்சி மயக்கத்தில் இருந்தாள். அவள் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். இறந்து பிறந்ததைத் தாய்க்குக் காட்டக் கூடாதாம், அடக்கத்துக்கும் தாய் வரக் கூடாதாம். நானும் அவள் அண்ணன் கிதியோனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம்.

நான் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

காஸ் புக் செய்ய வேண்டும்.

ஜூலை 13, சனி

பென் டிரைவைத் தேடினேன். தேவை எதுவும் இல்லை. சும்மா.

ஜூலை 15, திங்கள்

வெட்டிய எல்லாவற்றையும் நான் தூக்கி எறிவதில்லை. டி டிரைவில் 'சில்லறை' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வாசிப்புக்கு நடுவில் மைக்கில் விழுந்த துண்டுகள். தெருவில் மீன்காரியின் குரல். குக்கர் விசில். பதினேழாம் நூற்றாண்டு என்பதை மூன்று முறை தப்பாகச் சொல்லிவிட்டு ஹெப்சி தன்னையே திட்டிக்கொள்வது. பிப்ரவரிக்குப் பிறகு வேறு மாதிரியான துண்டுகள். "ஏய், உதைக்காத. அம்மா படிக்கேன்லா." "பொறு, இந்தப் பாரா முடியட்டும்." "ஒனக்கும் சோழர் காலம்னாத்தான் பிடிக்கும் போல."

எல்லாம் ஹெப்சியின் குரல்தான். மொத்தமாக ஒரு மணி நேரம் வரும். நான் கேட்பதில்லை. டிஸ்கில் இடம் இருக்கிறது, அதனால் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

சில்லறை இல்லை.

முதலில் வேறு எங்கோ நகர்த்திவிட்டேன் என்று நினைத்தேன். முழு டிரைவையும் தேடினேன். ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். காலி. அதற்குப் பிறகுதான் புரிந்தது. இந்தக் கணினியில் உட்கார்ந்து அழித்தால் பின்னுக்குப் போகும். கேபிள் வழியாக இன்னொரு கணினியிலிருந்து அழித்தால் எங்கும் போகாது. நேராக இல்லாமல் போய்விடும்.

நான் அழிக்கவில்லை. வீட்டில் கணினி இரண்டுதான்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் வைகையின் துணை ஆறுகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அழித்தது உடனே போய்விடுவதில்லை. என்னுடையது பழைய சுழலும் டிஸ்க். பெயர் மட்டும்தான் அழியும். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை ஒலி அங்கேயே கிடக்கும். மீட்டெடுக்க மென்பொருள் உண்டு.

கணினியை நிறுத்தினேன். சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கினேன்.

ஜூலை 18, வியாழன்

"பவர் சப்ளை போயிட்டு," என்றேன்.

"சரி." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல."

வாசிப்பதை இப்போதைக்கு அவள் கணினியிலேயே சேர்த்து வைக்கிறாள்.

மீட்பதை அதே டிஸ்கில் எழுதக் கூடாது. எழுதினால் மீதி இருப்பதும் போகும். வேறு டிஸ்க் வேண்டும். வீட்டில் இருக்கும் வேறு டிஸ்க் அவளுடையது. அவளிடம் கேட்க முடியாது. கடையில் ஒன்று வாங்கலாம்.

ஆனால் மென்பொருளை ஓட்டி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று அது சொல்லிவிட்டால், ஒன்றும் இல்லை. ஓட்டாதவரை இருக்கிறது.

நாளை வாங்குகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

முத்துராஜ் சாரின் போன். கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். அவருக்கும் பார்வை இல்லை. இந்த ஒலிப் புத்தகங்களையெல்லாம் மாணவர்களுக்கு அனுப்புவது அவர்தான்.

"தம்பி, வைகை மூணு நாளா ஒரே எடத்துல நிக்கி. கடலுக்குப் போகுமா, போகாதா?"

"மிஷின் ரிப்பேர் சார்."

"ஆகஸ்ட்ல பரீட்ச. பயலுவ என்னயப் பிச்சுத் திங்கானுவ. ஹெப்சி எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கா சார்."

"நீ?"

"மிஷின்தான் சார் பிரச்சினை. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"நான் மிஷினக் கேக்கலயே."

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 20, சனி

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஹெப்சி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சதும் அண்ணன் காரெடுத்துட்டு வருது. நாசரேத்துல அம்மாகூடக் கொஞ்ச நாள் இருக்கேன்."

"எவ்ளோ நாள்?"

"தெரியல."

"ரெக்கார்டிங்?"

கேட்டிருக்கக் கூடாது.

"அங்க இருந்து அனுப்புதேன். ஒனக்கு ஃபைல் வந்தாப் போதும்லா."

ஜூலை 22, திங்கள்

மழை தூறுகிறது. துணி காயவில்லை. டிஸ்க் இன்றும் வாங்கவில்லை.

ஜூலை 24, புதன்

ரேஷன் கடையிலிருந்து வந்தேன். படியேறும்போதே என் கணினியின் விசிறிச் சத்தம் கேட்டது.

ஹெப்சி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு உட்காருகிறவளைப்போலத் தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். முகத்தில் பல நாள் காணாத ஒரு களை.

"முத்துராஜ் சார்ட்ட ஒரு கடைக்காரர் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். வந்து பாத்தாரு. பவர் சப்ளைக்கு ஒண்ணும் இல்லயாம். பிளக்கு கழண்டு கெடந்துருக்கு. ரூபன், அவரு சிரிக்காரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"நீ என்ன பண்ணுத?"

"என்ன பண்ணுதேன்? ஒரு வாரமாச் சேந்த ஆறு, மல, மண்ணு எல்லாத்தையும் இங்க போட்டுட்டு இருக்கேன். நான் போறதுக்குள்ள நீ வெட்டி முடிச்சிரலாம்லா."

திரையில் பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. டி டிரைவுக்கு. பாதிக்கு மேல் போயிருந்தது.

கேபிளைப் பிடித்து இழுத்தேன். சுவரோரம் அடித்திருந்த ஆணிகள் தெறித்தன. அரிசிப் பை சரிந்தது.

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?"

"அதுமேல எழுதிட்டியே."

"எதுமேல?"

"சில்லற மேல."

நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். பிறகு, மெதுவாக, "அது ஒங்கிட்டதான் இருக்கு. ரீசைக்கிள் பின்ல," என்றாள்.

"இல்ல. அங்க இருந்து அழிச்சா பின்னுக்கு வராது."

"வராதா?"

"வராது."

நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். சிந்திய அரிசியின் மேலேயே.

"நான் ஒங்கிட்ட இருந்து எடுத்துரணும்னு நெனைக்கல ரூபன். சத்தியமா நெனைக்கல. ஒண்ணு, நீ அதப் பின்ல இருந்து எடுத்து வச்சிக்கிடுவ. இல்லன்னா ஏன் அழிச்சன்னு வந்து கத்துவ. ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு நெனச்சேன். ஒரு வாரமா ஒன் மொகத்தப் பாத்துட்டே இருக்கேன். நீ பவர் சப்ளைங்குத."

"ஏன் அழிச்ச?"

"என் குரலக் கேக்க முடியாம அழிச்சேன்னு நெனச்சியா? ஒன் குரல்."

பதினைந்தாம் தேதி இங்கே எழுதியது சரியில்லை. சில்லறையில் இருந்தது ஹெப்சியின் குரல் மட்டும் அல்ல. தினமும் நான்கு மணிக்கு ஹார்லிக்ஸ் எடுத்துக்கொண்டு போவேன். மைக் ஓடுகிறதா என்று பார்க்க மாட்டேன். குனிந்து அவள் வயிற்றிடம் பேசுவேன். "மேடம் முழிச்சிட்டாங்களா?" என்று ஆரம்பிக்கும். அப்புறம் நானே வந்து அதை வெட்டி எடுத்துச் சேர்த்து வைப்பேன். வேண்டுமென்று விட்டுவிடவில்லை. எழுத வரவில்லை.

"மேடம் மேடம்னு அப்பிடிப் பேசுனவன், மே மாசத்துக்கு அப்புறம் அவளப் பத்தி ஒரு வார்த்த பேசல," என்றாள். "அழல. அதக் கேட்டா அந்த ஆளும் சேந்து போயிட்டான்னு இருக்கு எனக்கு. அதான் அழிச்சேன். நீயும் ஒரு கேபிள வாங்கிட்டு வந்து போட்ட, நான் ஹாலுக்கு வரக் கூடாதுன்னு."

"வேகத்துக்குத்தான் போட்டேன்."

"ஆமா," என்றாள்.

இருவருமாக அரிசியை அள்ளினோம்.

ஜூலை 25, வியாழன்

காலையில் அவள்தான் வந்து, "என் டிஸ்க்ல போடு," என்றாள்.

கேபிளை மறுபடி மாட்டினேன். ஆணி அடிக்கவில்லை, நடுவீட்டில் கிடந்தது. என் கணினியில் மென்பொருள் தேட, கிடைப்பதெல்லாம் அவள் கணினியில் போய் விழுமாறு செய்தேன். அறையில் கட்டிலில் உட்கார்ந்து அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பெயர்கள் இல்லை. வெறும் எண்கள். எது என்ன என்று அறிய ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பல திறக்கவில்லை. சில வெறும் இரைச்சல். சிலவற்றில் நேற்று எழுதப்பட்டது பாதியை மூடியிருந்தது. "ஏய், உதைக்காத, அம்மா" என்று ஆரம்பித்த ஒன்று, மூச்சு விடாமல், "மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகி வங்காள விரிகுடாவில் கலக்கிறது" என்று முடிந்தது.

ஹெப்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போடு, இன்னொரு வாட்டி போடு." போட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று முறை கேட்டோம்.

அதற்கடுத்தது முழுதாக இருந்தது. டம்ளர் வைக்கும் சத்தம். என் குரல்.

"மேடம் முழிச்சிட்டாங்களா? தாமிரபரணி எங்க உற்பத்தி ஆகுது, சொல்லுங்க பாப்பம்."

"அவளுக்குப் பரீட்ச இல்ல ரூபன்."

"இப்பமே கேட்டு வச்சாத்தான். பாரு, பாரு, பதில் சொல்லுது. பொதிகைங்குது."

"அது வாயு. மதியம் மொச்சக்கொட்ட தின்னேன்லா."

சிரிப்பு. இருவருடையதும். முடிந்தது.

ஹெப்சி அடுத்ததைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ பாத்தல்லா?"

"என்னத்த?"

"அவள."

"ம்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. அம்மாட்ட கேட்டா மறந்துரு மக்களேங்கா. நர்ஸ்ட்ட கேட்டா அழக் கூடாதுங்கா. இந்த ஒலகத்துல நீ ஒருத்தன்தான் பாத்திருக்க. எப்பிடி இருந்தா?"

நாளைக்குச் சொல்லுதேன் என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூலை 27, சனி

புவியியல் முழுவதும் வெட்டி முத்துராஜ் சாருக்கு அனுப்பியாகிவிட்டது. "கடல் சேந்துட்டு, நன்றி," என்று குரல்செய்தி.

ஹெப்சி பெட்டியில் துணி அடுக்குகிறாள். நான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் சேலைகள், துவாலைகள், உள்பாவாடைகள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றிருந்தது. துணி தீர்ந்துவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

கோயிலில் என்ன பிரசங்கம் என்று நினைவில் இல்லை.

பதினொரு மணிக்குக் கீழே ஹாரன். கிதியோன் மச்சான் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "ஹெப்சிக்கு ஓய்வுங்கிய. இந்தப் படி ஏறுனா எனக்கில்லா ஓய்வு வேணும்," என்றபடி பெட்டியைத் தூக்கினார்.

"மச்சான், பத்து நிமிசம் இருங்க."

அறைக்குள் போனேன். ஹெப்சி செருப்புப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"முடி நெறைய இருந்துச்சு," என்றேன்.

அவள் அசையவில்லை.

"கறுப்பா. ஈரமா. நெத்தி வரைக்கும். காது ரெண்டும் மடங்கிருந்துச்சு, எலை விரியதுக்கு முன்ன இருக்கும்லா, அப்பிடி. நகம் இருந்துச்சு ஹெப்சி. பத்து வெரல்லயும் நகம். நான் ஒவ்வொண்ணா பாத்தேன். நகம் இருக்கும்னு நெனைக்கவே இல்ல. ஒன் பூத்துவாலையிலதான் சுத்தித் தந்தாங்க. கனமே இல்ல. இல்ல, இருந்துச்சு. கைய விட்டுப் போனப்புறந்தான் தெரிஞ்சுது."

அங்கே என் குரல் நின்றுவிட்டது. பிறகு வேறு ஏதோ ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. ஹெப்சி செருப்போடு கீழே இறங்கி என் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை.

கதவருகில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். பெட்டி இன்னும் கையில்.

"அண்ணே, நீயும் பாத்தியா?"

"எனக்கு எங்க காட்டுனான்? ஆஸ்பத்திரியில இருந்து தோட்டம் வரைக்கும் மடியில வச்சி மூடிக்கிட்டு வந்தான். குழிகிட்ட வந்தும் தரல. குனிஞ்சு என்னமோ பேசிக்கிட்டே இருந்தான். நாந்தான் புடுங்கி வாங்குனேன்." பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "நான் கீழ போயி டீ குடிச்சிட்டு வாரேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

டீ குடிக்கப் போனவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு நாசரேத்திலிருந்து போன் செய்தார். "வந்து சேந்துட்டேன். அந்தப் பெட்டிய அவுத்து வைங்க."

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். விட்டதை அவளே கேட்டாள். உதடு எப்படி. மூக்கு யாருடையது. கால் விரல் நீளமா. குழியில் வைக்கும்போது எந்தப் பக்கம் பார்த்திருந்தாள். என்ன பேசினாய். எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் அறைக்குள் வந்து, கட்டிலுக்கு ஏறி, போய்விட்டது. சோறு வைக்கவில்லை. ரொட்டி தின்றோம்.

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"தெறந்திருந்தா?"

எனக்குத் தெரிந்தது அதோடு தீர்ந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன மாதிரிதான்," என்றேன். "வலது கண்ணு கொஞ்சம் சின்னது. கோவம் வந்தா இன்னும் சின்னதாயிரும்."

"கோவம் வருமா?"

"மூக்குக்கு மேல."

"யாரு மேல?"

"என் மேலதான். பேச மாட்டா. போயி மூலையில நின்னுக்கிடுவா."

"ரொம்ப நேரம் நிப்பாளா?" ஹெப்சி சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கண்களை மூடிக்கொண்டாள். "சொல்லு."

சொன்னேன்.